முதியோர் இல்லத்தில் இடம் நிலைக்க: சேருவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

மலேசியாவில், முதியோர் இல்லத்தில் இருக்கும் ஒருவரை வெளியேற்றக் கூடாது என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் இல்லை. கசப்பானாலும் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. பெற்றோரைப் பராமரிக்கப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தும் தனிச்சட்டம் சிங்கப்பூரில் 1995 முதலும் இந்தியாவில் 2007 முதலும் இருக்கிறது. நம் நாட்டுச் சிவில் சட்டத்தில் அதுவும் இல்லை. ஆகவே "இங்கே இருக்க எனக்கு உரிமை உண்டு" என்று ஒரு முதியவர் பிற்காலத்தில் சொல்ல வேண்டுமானால், அந்த உரிமையைச் சேரும் நாளிலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும். வெளியேறச் சொன்ன பிறகு வக்கீலைத் தேடுவது இரண்டாம்பட்சம்.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில், டோவன்பி, ஹீவுட் போன்ற தோட்டங்களில் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் உழைத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் சற்றுக் கூடுதலாகவே உண்டு. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டமும் வேலையில் இருப்பவருக்கான வசதிகளைத்தான் பேசுகிறது. வேலை ஓய்ந்ததும் லயத்து வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) பிள்ளையோடு சில காலம், மகளோடு சில காலம் என்று போய், கடைசியில் இல்லத்துக்கு வருகிறவர்கள் பலர். அவர்களுக்குத் திரும்பிப் போக இன்னொரு கூரை இருப்பதில்லை. இந்தக் கட்டுரை முதன்முறையாக இல்லம் தேடும் குடும்பத்துக்கும், அங்கே தங்கப்போகும் பெரியவருக்கும் எழுதியது. பெரியவருக்கு யாராவது உட்கார்ந்து வாசித்துக் காட்டினால் இன்னும் நல்லது.

முதலில்: எந்த வகை இல்லம்?

மூன்று வகை உண்டு. ஒன்று, சமூகநல இலாகா, அதாவது ஜேகேஎம், நேரடியாக நடத்தும் ருமா ஸ்ரீ கெனாங்கான். பேராக் மாநிலத்தில் தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் உலு கிந்தாவில் ஒன்றும் தைப்பிங்கில் ஒன்றும் இருக்கின்றன. 60 வயதைத் தாண்டிய, ஆதரவற்ற, தொற்றுநோய் இல்லாத, தன் வேலையைத் தானே செய்துகொள்ளக்கூடிய குடிமக்களுக்கு உரியவை இவை. படுக்கையோடு கிடக்கும் நோயாளிகளுக்கு ருமா ஏசான் என்ற தனி இல்லங்கள் உண்டு; கோலகுபு பாருவில் இருப்பது அவற்றில் ஒன்று. அரசு இல்லத்தில் இடம் கிடைத்தவருக்குக் கட்டணத் தகராறு இல்லை, உரிமையாளரின் மனமாற்றமும் இல்லை. நிலைப்பு என்று பார்த்தால் இதுவே முதலிடம். மனு கொடுக்கும் இடம் மாவட்டச் சமூகநல அலுவலகம். சுங்கை சிப்புட்காரர்களுக்கு அது கோலகங்சார்.

இரண்டாவது வகை, கோயில், சர்ச், தொண்டு அமைப்புகள் நடத்துபவை. மூன்றாவது, தாமானில் ஒரு மாடி வீட்டை எடுத்து மாதக் கட்டணத்துக்கு நடத்தும் தனியார் இல்லங்கள். இனி வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டு வகைக்கும்தான்.

தொண்டு இல்லம் என்றால் ஒப்பந்தம் தேவையில்லை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். என் கருத்து நேர்மாறானது. காசு வாங்காத இடத்தில்தான் "நாங்கள் தர்மத்துக்கு வைத்திருக்கிறோம், விருப்பமில்லை என்றால் போகலாம்" என்ற பேச்சு விரைவில் வரும்.

பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்

1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி, அதாவது 506ஆம் சட்டத்தின்படி, நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இல்லமும் ஜேகேஎம்மில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்துவது குற்றம்; அபராதமும் சிறையும் உண்டு. பதிவு கிடைக்கத் தீயணைப்பு இலாகா, ஊராட்சி மன்றம், சுகாதார இலாகா ஆகியவற்றின் ஆதரவும் வேண்டும். தனியார் முதியோர் மருத்துவப் பராமரிப்புக்கென 2018இல் 802ஆம் சட்டம் இயற்றப்பட்டது. அது சுகாதார அமைச்சின் பொறுப்பு.

பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அதிலுள்ள பெயர், முகவரி, காலாவதி நாள், எத்தனை பேருக்கு அனுமதி ஆகிய நான்கையும் பாருங்கள். முகவரி பக்கத்து வீட்டுடையதாக இருந்தால் அந்தச் சான்றிதழ் இந்த வீட்டுக்குச் செல்லாது.

பதிவில்லாத இல்லத்தில் ஏற்கெனவே இருப்பவருக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. புகார் கொடுத்தால் இல்லத்தையே மூடக்கூடும். அப்போது புகார் கொடுத்தவர் உட்பட எல்லாரும் இடம் மாற வேண்டும். புகார் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அடி, பட்டினி, அழுக்கு என்றால் அன்றே கொடுக்க வேண்டும். அந்த அளவுக்கு இல்லையென்றால், மாற்று இடத்தைப் பார்த்துவைத்த பிறகு கொடுங்கள்.

ஒப்பந்தத்தில் யார் கையெழுத்து?

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். வழக்கமாக நடப்பது இது: மகன் காரில் அம்மாவை அழைத்துவருகிறார். அம்மா வெளிக்கூடத்து நாற்காலியில் பையோடு உட்கார்ந்திருக்கிறார். மகன் அலுவலக அறையில் பாரத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு, முன்பணம் கட்டி, ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கோலாலம்பூருக்கோ ஜொகூருக்கோ திரும்புகிறார். அந்த ஒப்பந்தம் மகனுக்கும் இல்லத்துக்கும் இடையிலானது. அம்மா அதில் மூன்றாம் மனிதர்.

மலேசிய ஒப்பந்தச் சட்டத்தில், ஒப்பந்தத்தில் சேராத மூன்றாம் மனிதர் பொதுவாக அதை வைத்து வழக்குப் போட முடியாது. பணம் அம்மாவின் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பென்ஷனிலிருந்து போனாலும், ஒப்பந்தத்தில் அவர் பெயர் இல்லையென்றால் அவர் கை வலுவிழந்துவிடுகிறது. மகனும் இல்லமும் பேசி முடித்தால் அம்மாவைக் கேட்காமலே இடத்தைக் காலி செய்யலாம் என்ற நிலை வரும்.

எனவே பெரியவரும் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக இருக்க வேண்டும். "தங்குபவர்" என்ற இடத்தில் அவர் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், கையெழுத்து. எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. மகன் கையெழுத்துப் போடும் இடம் "கட்டணப் பொறுப்பாளர்" மட்டுமே. பாரம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவருக்கு அது விளங்காது. யாராவது ஒருவர் வரிக்கு வரி தமிழில் சொல்லி, கடைசிப் பக்கத்தில் "இது எனக்குத் தமிழில் விளக்கப்பட்டது" என்று எழுதி, விளக்கியவரும் சாட்சியாகக் கையெழுத்துப் போடட்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

பிறகு ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டுங்கள். முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம், தீர்வையும் தண்டமும் கட்டும் வரை, சாட்சியமாக ஏற்காது. ஒரு பிரதி பெரியவரிடம், ஒன்று பிள்ளையிடம், ஒன்று இல்லத்துக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம்.

என்னென்ன வரிகள் இருக்க வேண்டும்

பல இல்லங்களின் அச்சடித்த பாரத்தில் "நிர்வாகம் எந்நேரமும், காரணம் கூறாமல், தங்குவதை முடித்துக்கொள்ளலாம்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதை அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க மறுத்தால், அந்த இல்லத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டீர்கள். அதன் இடத்தில் வர வேண்டியது: வெளியேற்றுவதற்கான காரணங்கள் என்னென்ன, எழுத்து மூலம் எத்தனை நாள் அவகாசம், யாருக்கெல்லாம் தெரிவிக்க வேண்டும். முப்பது நாளுக்குக் குறைவாக ஒத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் யோசனை. அறுபது கிடைத்தால் நல்லது. கட்டணம் தாமதமானால் உடனே வெளியேற்றாமல், பெரியவருக்கே நேரில் சொல்லி அவகாசம் தர வேண்டும் என்றும் எழுதுங்கள். மகன் கட்டாமல் விட்டது தாய்க்குத் தெரியாமல் இருப்பது சாதாரணமாக நடக்கிறது.

இனி வருவது ஆஸ்பத்திரி விஷயம். இல்லத்தில் இடம் பறிபோகப் பெரிய வாசல் இதுதான். தாத்தா குளியலறையில் வழுக்கி விழுகிறார்; ஆம்புலன்ஸில் சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து ஈப்போவுக்கும் போகிறார். இரண்டு வாரம் கழித்து டிஸ்சார்ஜ். இல்லத்துக்குப் போன் செய்தால், "இப்போது அவருக்கு நடக்க முடியாது, எங்களிடம் ஆளில்லை, கட்டிலும் வேறொருவருக்குப் போய்விட்டது" என்று பதில். யாரும் அவரை வெளியேற்றவில்லை, சண்டையில்லை, கடிதமில்லை. ஆனாலும் இடம் போய்விட்டது.

இதற்கு மூன்று வரிகள் வேண்டும். ஆஸ்பத்திரியில் இருக்கும் காலத்தில் எத்தனை நாள் வரை கட்டில் காக்கப்படும், அந்த நாள்களுக்குக் கட்டணம் எவ்வளவு என்பது ஒன்று. உடல்நிலை மாறினால் இல்லம் பராமரிக்க முடியுமா என்பதை யார் முடிவு செய்வது என்பது இரண்டு. டாக்டரின் எழுத்துக் கருத்து வேண்டும் என்று கேளுங்கள், நிர்வாகியின் வாய்வார்த்தை போதாது. முடியாது என்றானால், வேறு இடம் கிடைக்கும் வரை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பது மூன்று. ஒப்பந்தத்தில் இவை இல்லாமல் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், டிஸ்சார்ஜ் தாளை வாங்கும் முன் வார்டு நர்ஸிடம் மருத்துவ சமூகப்பணி அதிகாரியைக் கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் அதற்கென்று ஆள் உண்டு. போக இடமில்லாத நோயாளிக்கு இல்லம் தேடுவதும் ஜேகேஎம்முக்கு எழுதுவதும் அவர்கள் வேலை. டிஸ்சார்ஜ் ஆகி வாசலுக்கு வந்துவிட்டால் அந்தக் கதவு பாதி மூடிவிடும்.

முன்பணம் பற்றியும் எழுதியிருக்க வேண்டும்: எவ்வளவு, எப்போது திரும்பும், எதற்காகப் பிடிக்கலாம். "முன்பணம் திரும்பாது" என்று எழுதிவிட்டாலே எல்லாம் முடிந்ததாக நினைக்காதீர்கள். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எந்தத் தொகை எழுதியிருந்தாலும் நியாயமான நட்டஈடுதான் கிடைக்கும் என்கிறது. "கோர்ட்டுக்குப் போகமாட்டேன்" என்று எழுதி வாங்குவதும் அதே சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி செல்லாது.

ஐசி, வங்கி அட்டை, வீடு

ஐசியை இல்லத்திடம் ஒப்படைக்க வேண்டாம், பிரதி கொடுங்கள். ஒருவருடைய ஐசியை, கட்டண பாக்கி என்ற காரணத்துக்காகப் பிடித்துவைக்க எந்த இல்லத்துக்கும் உரிமை கிடையாது. முதியோர் உதவித்தொகை, சொக்சோ பென்ஷன் வரும் வங்கி அட்டையும் அப்படித்தான். ரகசிய எண்ணோடு அட்டையைக் கொடுத்துவிட்டு, மாதாமாதம் எவ்வளவு எடுத்தார்கள் என்று தெரியாமல் இருக்கும் பாட்டிமார்கள் உண்டு. கட்டணத்தை வங்கி மூலம் செலுத்துங்கள், அல்லது ஒவ்வொரு முறையும் ரசீது வாங்குங்கள். இல்லம் கட்டணத்தை வாங்க மறுத்தாலும் அனுப்புவதை நிறுத்தாதீர்கள். பாக்கி வைத்தவர் என்று சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

சொந்த வீடு இருந்தால், அது தாமானில் ஒரு சின்ன மலிவு விலை வீடாக இருந்தாலும், இல்லத்துக்குப் போகும் முன் பெயர் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளைக்கும் வேண்டாம், "ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் இல்லத்துக்கும் வேண்டாம். வாடகைக்கு விட்டு அந்த வருமானத்தில் கட்டணம் கட்டலாம். ஏற்கெனவே வற்புறுத்தலில் எழுதிக் கொடுத்துவிட்டவர்கள், ஒப்பந்தச் சட்டத்தின் 16, 20ஆம் பிரிவுகள் பேசும் முறையற்ற செல்வாக்கு பற்றி வக்கீலிடம் கேட்கலாம்; ஆனால் நிரூபிப்பது எளிதல்ல.

மறதி தொடங்கும் முன்

மனத்தெளிவுள்ள பெரியவரின் இருப்பிடத்தை அவரே தீர்மானிக்கிறார். பிள்ளை என்ற உறவு மட்டும் அந்த அதிகாரத்தைத் தராது. கூட்டிப் போகவோ, வேறு இல்லத்துக்கு மாற்றவோ அவர் சம்மதம் வேண்டும். பிள்ளைகளிடம் "பவர்" கொடுத்திருக்கிறேனே என்றால், நம் நாட்டில் சாதாரண அதிகாரப் பத்திரம் பெரியவரின் மனத்தெளிவு போகும்போது பொதுவாக வலுவிழக்கிறது. பிறகு 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி உயர்நீதிமன்றம் போய்த்தான் ஒருவரை நியமிக்க வேண்டும். அதற்குச் செலவும் காலமும் பிடிக்கும். எனவே எந்த இல்லம், யாரைக் கேட்க வேண்டும், எதற்குச் சம்மதமில்லை என்பதைத் தெளிவாக இருக்கும்போதே எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்டு வையுங்கள். நீதிமன்றம் அதற்குக் கட்டுப்பட்டதல்ல. ஆனாலும் பெரியவரின் விருப்பத்துக்கு அதைவிட நல்ல சாட்சி இருக்காது.

"நாளைக்கே கிளம்புங்கள்" என்றால்

பதறிப் பையைக் கட்டாதீர்கள். "சம்மதத்தோடு வெளியேறுகிறேன்" என்ற தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். ஒரு கடிதம் கொடுங்கள். மலாயில் எழுதுவது நல்லது, பொருள் இவ்வளவுதான்:

"நான் இந்த இல்லத்தில் இன்ன தேதி முதல் தங்கியிருக்கிறேன். என்னை வெளியேறச் சொல்லியுள்ளீர்கள். அதன் காரணத்தையும் கடைசி நாளையும் எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒப்பந்தப்படி எனக்கு இத்தனை நாள் அவகாசம் உண்டு. அதுவரை கட்டணம் செலுத்தத் தயாராக இருக்கிறேன். என் பொருள்களையும் ஆவணங்களையும் என் சம்மதமின்றி அகற்ற வேண்டாம்."

பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தரமாட்டார்கள் என்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதே நாளில் 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு, அதாவது அரசின் உதவி எண்ணுக்கு, அழையுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. கோலகங்சார் சமூகநல அலுவலகத்தில் எழுத்துப் புகார் கொடுங்கள். பதிவு பெற்ற இல்லத்துக்குள் சென்று சோதிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு என்பதால், ஓர் அதிகாரியின் போன் அழைப்பே பல நிர்வாகிகளின் குரலை மாற்றும். பொருள்களை வெளியே வைத்தாலோ, கை வைத்தாலோ, அறையில் பூட்டினாலோ போலீஸ் புகார்.

சட்டத்தில் உங்கள் நிலை என்ன? தனி அறை, தனிச் சாவி, மாத வாடகை என்று இருந்தால் வாடகைதாரர் என்று வாதிடலாம். அப்படியானால் 1950ஆம் ஆண்டுக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின், மலாயில் அக்தா ரெலிஃப் ஸ்பெசிஃபிக், 7(2)ஆம் பிரிவு உதவும்: கோர்ட் உத்தரவின்றி வெளியேற்ற முடியாது. ஆனால் வரிசையாகக் கட்டில் போட்ட கூடத்தில், சாப்பாட்டோடு, நிர்வாகம் எப்போதும் வந்துபோகும் இடத்தில் இருப்பவர் பெரும்பாலும் அனுமதி பெற்றுத் தங்குபவராகவே கருதப்படுவார். அவருக்கு அந்தப் பிரிவு எளிதில் கிடைக்காது. அவருக்கு ஒப்பந்தம்தான் கவசம்.

கோர்ட்டிலிருந்து தடை உத்தரவு கேட்கலாம். கிடைத்தாலும் அது பெரும்பாலும் தற்காலிகம். ஒருவரைப் பராமரி என்று இன்னொருவரைக் கட்டாயப்படுத்த நீதிமன்றங்கள் தயங்கும். குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 20ஆம் பிரிவும் அந்தப் பக்கமே சாய்கிறது. நடைமுறையில் நீங்கள் வெல்லக்கூடியது இரண்டு: இன்னொரு நல்ல இடம் பார்ப்பதற்கான காலம், கொடுத்த பணம். இரண்டும் சிறியவை அல்ல. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் ஈப்போவில் அரசின் சட்ட உதவி இலாகாவையும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் அணுகலாம்.

பணம் மட்டும் பிரச்சினை என்றால் வக்கீலே வேண்டாம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை கேட்கலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். இரு தரப்பும் வக்கீல் இல்லாமல்தான் பேச வேண்டும். ஒரு தரப்புக்கு மட்டும் சாதகமான நியாயமற்ற வரிகளைச் செல்லாது என்று சொல்ல, 2010இல் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்த பகுதி உதவும். மருத்துவச் சேவை பற்றிய தகராறு மட்டும் அங்கே போகாது. எனவே மனுவில் தங்குமிடம், சாப்பாடு, முன்பணம் என்று பிரித்து எழுதுங்கள்.

போக விரும்பினால்

இருக்கும் உரிமையைப் பற்றிப் பேசும்போது போகும் உரிமையை மறக்கிறோம். மனத்தெளிவுள்ள முதியவர் எப்போது வேண்டுமானாலும் இல்லத்தை விட்டுப் போகலாம். "மகன் வந்து கையெழுத்துப் போட்டால்தான் விடுவோம்" என்று கேட்டை அடைப்பது சட்டவிரோதமாக அடைத்துவைத்தல். தண்டனைச் சட்டத்தின் 340, 342ஆம் பிரிவுகள் அதைக் குற்றமாக்குகின்றன. கோயில் திருவிழாவுக்குப் போக அனுமதிச் சீட்டு கேட்பது வேறு, பூட்டுவது வேறு. விதிவிலக்கு, 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டத்தின்படி மாஜிஸ்திரேட் உத்தரவால் டேசா பினா டிரி என்ற ஆதரவற்றோர் இல்லத்தில் வைக்கப்படுபவர்கள். அவர்கள் நினைத்தபோது வெளியே வர முடியாது. தெருவில் தங்கும் ஒரு பெரியவரை அதிகாரிகள் அழைத்துச் சென்றதாகக் கேள்விப்பட்டால், ருமா ஸ்ரீ கெனாங்கானுக்கா டேசா பினா டிரிக்கா என்று முதலில் விசாரியுங்கள். இரண்டும் ஜேகேஎம் கீழ்தான் என்பதால் ஊரில் பலரும் ஒன்றாகவே பேசுகிறார்கள். உள்ளே இருப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல.